கேள்வி கேட்கும் கூடத்தைப் பூட்டாதீர்கள்!

(தஞ்சையில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடையை அரை மணி நேரம் முன்கூட்டியே அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! விடுதியில் அனுமதி வாங்கியும் வாங்காமலும் வந்திருக்கும் கல்லூரிச் செல்வங்களே!

இந்தக் கூட்டத்திற்கு அழைப்புக் கொடுக்கக் கடைத்தெருவில் நடந்தபோது இரண்டு பேர் என்னை நிறுத்தினார்கள். ஒருவர் இளைஞர். "ஹஜ்ரத்! பேசிப் பேசி என்ன கண்டோம்? நாலு பேர் மைக் பிடித்துப் பேசினால் அரசாங்கம் பயந்துவிடுமா? ரோட்டில் இறங்கினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்" என்றார். இன்னொருவர் மளிகைக் கடை முதலாளி. "பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, கூட்டம் போட அனுப்பினோமா? நாளைக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வந்து நின்றால் நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள் சகோதரர்களே! ஒருவருக்குப் பேச்சு போதவில்லை. மற்றவருக்குப் பேச்சே ஆபத்து. பேச்சால் ஒன்றும் ஆகாது என்பது உண்மையானால், அதைத் தடுக்க எதற்குப் போலீஸ்? எதற்குச் சுற்றறிக்கை? எதற்குக் கூடத்திற்குப் பூட்டு? ஒரு கல்லூரி வளாகத்தில் ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்து, சர்ச்சைக்குரிய ஒரு விஷயத்தை ஒரு பேராசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பார்த்து டெல்லி ஏன் பதறுகிறது? நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு மொட்டைக் கடிதம்

சென்னை ஐ.ஐ.டி. உங்களுக்குத் தெரியும். அங்கே 2014 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளில், சில மாணவர்கள் சேர்ந்து அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த வேலை என்ன? ஊர்வலம் போனார்களா? கல்லெறிந்தார்களா? பேச்சாளர்களை அழைத்தார்கள். தொழிலாளர் சட்டத் திருத்தம், மரபணு மாற்றுப் பயிர், மொழி அரசியல் என்று நாட்டில் எது விவாதத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு பேசினார்கள். துண்டுப்பிரசுரம் அச்சிட்டார்கள். அவ்வளவுதான்.

வட்டத்தின் பெயரையே மாற்றச் சொல்லி நிர்வாகம் முதலிலிருந்தே நெருக்கியது. அந்த இரண்டு பெயர்களும் மாணவர்களைப் பிரிக்குமாம்! அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு வட்டம் 1997 முதல் இயங்கி வருகிறது. அது இயங்கட்டும், நமக்கு அதில் மறுப்பில்லை. அந்தப் பெயர் பிரிக்காது, இந்தப் பெயர் மட்டும் பிரிக்கும் என்பது என்ன நியாயம் என்றுதான் பிள்ளைகள் கேட்டார்கள்.

2015 ஏப்ரல் 14 அன்று, ஆந்திர மாநிலம் குப்பத்திலுள்ள திராவிடப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் விவேகானந்த கோபால் அங்கே வந்து, இன்றைய காலத்திற்கு அம்பேத்கர் ஏன் தேவைப்படுகிறார் என்பது பற்றி உரையாற்றினார். அதையொட்டி, அரசின் கொள்கைகளை விமர்சிக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்று வெளிவந்தது. உடனே டெல்லிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அனுப்பியவர் பெயர் இல்லை. இந்த வட்டம் பிரதமருக்கு எதிராகவும் இந்துக்களுக்கு எதிராகவும் வெறுப்பைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு.

நம் ஊரில் மொட்டைக் கடிதம் வந்தால் என்ன செய்வோம்? கிழித்துக் குப்பையில் போடுவோம். ஸ்மிருதி இரானி அமைச்சராக இருந்த மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மே 15ஆம் தேதி ஐ.ஐ.டி. நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. மே 22ஆம் தேதி வட்டத்தின் அங்கீகாரம் ரத்து! சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று காரணம். தங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்பது மாணவர்களின் முறையீடு.

பிறகு என்ன நடந்தது? இங்கேதான் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அதுவரை அந்த வளாகத்திற்கு வெளியே அந்த வட்டத்தின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தடை வந்த பிறகு நாடு முழுவதும் அதுதான் பேச்சு. மற்ற வளாகங்களிலும் அதே பாணியில் வட்டங்கள் முளைத்தன, மும்பை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர், பெரியாருடன் ஃபுலேயின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். 16 நாட்களில், ஜூன் 7 அன்று, சென்னை வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது. மாணவர்களிடம் இருந்தது ஒரு தலைப்பு, ஒரு பேச்சாளர், ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு ஒரு மத்திய அமைச்சகத்தைப் பதில் சொல்ல வைத்துவிட்டார்கள்!

உங்களில் சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "பெரியார் கடவுள் இல்லை என்றவர். ஓர் ஆலிம் மேடையேறி அவர் பெயரிலுள்ள வட்டத்திற்குப் பரிந்து பேசலாமா?" நியாயமான கேள்வி. அவருடைய கடவுள் மறுப்பில் எனக்கு உடன்பாடு கிடையாது. அதை இந்த மேடையிலேயே அவர்களோடு விவாதிக்கத் தயார். ஆனால் விவாதிப்பதற்கு அவர்கள் பேச வேண்டுமே! அவர்கள் வாயைக் கட்டிவிட்டு நான் யாரோடு விவாதிப்பது? இன்று அவர்கள் கூடத்திற்குப் போட்ட அதே பூட்டு நாளை நம் கூடத்திற்கும் வரும். வந்தும் விட்டது. 2023 நவம்பரில் பேராசிரியர் அச்சின் வனாயக் பாலஸ்தீனம் பற்றி மும்பை ஐ.ஐ.டி.யில் உரையாற்ற இருந்தார். கடைசி நேரத்தில் அந்த உரை ரத்து செய்யப்பட்டது. அந்தப் பேராசிரியர் முஸ்லிம் அல்ல. பேசவிருந்த விஷயம்தான் பூட்டைக் கொண்டுவந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் விதைத்தது வீண்போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2024 ஜூலையில் அதே வளாகத்தில் பட்டமளிப்பு விழா. பரிசு பெற்ற ஒரு மாணவர், நன்றி சொல்லிவிட்டு இறங்க வேண்டியவர், மேடையிலேயே நின்று காஸாவில் நடக்கும் இனப்படுகொலையைப் பற்றியும், அதில் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு இருக்கும் பங்கைப் பற்றியும் பேசினார். அவரும் நம் சமுதாயத்துப் பிள்ளை அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பே போராட்டமான கதை

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் டீச்-இன் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், 1965 மார்ச் 24 இரவு நடந்தது. வியட்நாம் மீது அமெரிக்கா குண்டு வீசத் தொடங்கியிருந்த நேரம். போரை எதிர்த்த பேராசிரியர்கள் முதலில் ஒரு நாள் வகுப்பைப் புறக்கணிப்பதாகத்தான் அறிவித்தார்கள். மாநில ஆளுநர் முதல் எல்லோரும் பாய்ந்தார்கள். "சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்த மாட்டீர்களா?" அப்போது மார்ஷல் சாலின்ஸ் என்ற மானிடவியல் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். பாடம் நடத்தவில்லை என்றுதானே குற்றம் சொல்கிறார்கள்? விடிய விடியப் பாடம் நடத்துவோம்!

இரவு 8 மணிக்குத் தொடங்கியது, காலை 8 மணி வரை. 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். நடுவில் வெடிகுண்டு மிரட்டல். கூடத்தைக் காலி செய்து கடுங்குளிரில் வெளியே நின்றார்கள். மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார்கள். போரை ஆதரித்த மாணவர்களும் தட்டிகளோடு வந்தார்கள். சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு இது பரவியது. மறுநாளே போர் நின்றுவிட்டதா? இல்லை. முடிய மேலும் 10 ஆண்டுகள் ஆயின. ஆனால் அரசாங்கம் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் வரைபடத்தை விரித்துவைத்து, தேதியைச் சொல்லிக் கேள்வி கேட்க ஆரம்பித்தது அந்த இரவில்தான்.

அதே 1965இல் நம் பக்கத்தில் என்ன நடந்தது? ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில், இந்தித் திணிப்பை எதிர்த்துச் சாலைக்கு வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ரோட்டில் இறங்கினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொன்ன தம்பிக்காகச் சொல்கிறேன். சாலைக்கு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான் கொடுக்கிறான். சாலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் நடந்திருக்கிறேன், வேனிலும் ஏற்றப்பட்டிருக்கிறேன். எதற்காக இறங்குகிறோம் என்று தெரியாமல் இறங்காதே என்கிறேன். அன்று வேனுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, "ஹஜ்ரத், இந்தச் சட்டத்தில் என்னதான் எழுதியிருக்கிறது?" என்று கேட்டான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திற்கு வாருங்கள். 2016 பிப்ரவரி 9 அன்று அங்கே நடந்த ஒரு கூட்டத்தைக் காரணம் காட்டி, 12ஆம் தேதி மாணவர் தலைவர் கன்னையா குமார் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். தொலைக்காட்சிகள் அந்த வளாகத்தையே தேசவிரோதிகளின் கூடாரம் என்று கூவின. ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? "தேசம் என்றால் என்ன?" என்பதையே தலைப்பாக்கினார்கள்! பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் கோபால் குரு முதல் உரையை நிகழ்த்தினார். நிர்வாகக் கட்டடத்தின் முன்னால், திறந்த வெளியில், மாணவர்கள் தரையில் அமர்ந்து கேட்டார்கள். ரொமிலா தாப்பர் போன்ற வரலாற்று அறிஞர்கள் வந்தார்கள். உரைகளைப் படம் பிடித்து இணையத்தில் விட்டார்கள். பிறகு அவை நூலாகவும் வந்தன. தேசத்துரோகி என்ற வசைக்கு வசையால் பதில் சொல்லாமல் வகுப்பால் பதில் சொன்னார்கள்.

நமக்கு இது வெளிநாட்டுச் சரக்கா?

இல்லை! நமக்கு இது பழைய சொத்து. மறந்துவிட்டோம்.

1920. கிலாஃபத் காலம். அலிகர் கல்லூரி ஆங்கிலேய அரசின் மானியத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த மானியத்தைத் தூக்கியெறியுங்கள் என்று காந்தியடிகளும் அலி சகோதரர்களும் நேரில் வந்து கேட்டார்கள். அறங்காவலர்கள் மறுத்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினரும் சில ஆசிரியர்களும் வெளியேறினார்கள். வெளியேறி என்ன செய்தார்கள்? தெருவில் நின்று கோஷம் போட்டுவிட்டு வீட்டிற்குப் போனார்களா? ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்கினார்கள்! 1920 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. அலிகர் கல்லூரியின் பள்ளிவாசலிலேயே தொடக்கக் கூட்டம். மால்டா சிறையிலிருந்து அந்த ஆண்டுதான் விடுதலையாகி வந்திருந்த ஷெய்குல் ஹிந்த் மவ்லானா மஹ்மூத் ஹசன் தலைமை. உடல் நலிந்து போயிருந்ததால் அவருடைய உரையை வேறொருவர் வாசித்தார். அடுத்த மாதமே அவர் மறைந்தார். அதுதான் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா.

கட்டடம் கிடையாது. கூடாரத்தில் வகுப்பு. மவ்லானா முஹம்மது அலி முதல் துணைவேந்தர். அந்த மாணவர் கூட்டத்தில் ஒருவர் ஜாகிர் ஹுசைன். பின்னாளில் இந்த நாட்டின் குடியரசுத் தலைவரானவர். 1925இல் ஜாமிஆ டெல்லிக்குப் போனது. மதரஸாவில் ஓதிய ஒரு முதியவரும் ஆங்கிலக் கல்லூரியில் படித்த இளைஞர்களும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து, வகுப்பையே எதிர்ப்பாக மாற்றினார்கள். மிச்சிகனுக்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே!

99 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 15 மாலையில், அதே ஜாமிஆவிற்குள் காவல்துறை நுழைந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த போராட்டத்தை அடக்குவதாகச் சொல்லி, நூலகத்திற்குள் கண்ணீர்ப் புகை! படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மீது தடியடி! ஒரு சட்ட மாணவரின் கண் போனது. அந்தப் படங்களைப் பார்த்து நம் வீட்டுப் பெண்கள் அழுததை நானறிவேன். அதற்குப் பிறகு அந்த மாணவர்கள் செய்ததை நம்மில் பலர் பார்க்கவில்லை. 7ஆம் எண் வாசலுக்கு வெளியே நடைபாதையில் புத்தகங்களை அடுக்கினார்கள். அது தெரு நூலகமானது. போவோர் வருவோர் எடுத்துப் படித்தார்கள். அங்கேயே உரைகள், அங்கேயே ஓவியம். "எங்கள் நூலகத்தை உடைத்தாய்; இதோ, நூலகம் ரோட்டிற்கு வந்துவிட்டது" என்று வாயால் சொல்லாமல் செய்து காட்டினார்கள்.

கடைமடைக்கு வந்த பாடம்

டெல்லியும் சென்னையும் இருக்கட்டும். நம் தஞ்சைத் தரணிக்கு வருவோம். இங்கே நெல் மண்டி, அரிசி மண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உரக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். வயலே இல்லாத துணிக்கடைக்காரருக்கும் அறுவடை முடிந்தால்தான் வியாபாரம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் கல்லாவுக்கும் உயிர் வருகிறது. திறக்காவிட்டால் நமக்கும் சேர்த்துத்தான் வறட்சி.

2011 ஜனவரியில் மன்னார்குடியை மையமாக வைத்து ஒரு மீத்தேன் திட்டத்திற்குத் தமிழக அரசு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற கம்பெனியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அன்று மன்னார்குடிக் கடைத்தெருவில் நின்று "மீத்தேன் என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்பார்கள்? எனக்கே தெரியாது. வாயுதானே, எடுத்துவிட்டுப் போகட்டும், ஊருக்கு நாலு வேலை கிடைக்கும் என்று நானும் நினைத்தவன்தான்.

நமக்குப் புரிய வைத்தது ஊர்வலமா? இல்லை. கூட்டங்கள், சின்னச் சின்னக் கூட்டங்கள்! மரத்தடியில், சமுதாயக் கூடத்தில், கல்லூரி வகுப்பறையில். வந்தவர்கள் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னார்கள். பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரிப் படுகை இருக்கிறது. அதில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீரின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வாயு வெளியே வர வேண்டுமானால் அந்த நீரை இறைத்துக் கொட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் இறைக்க வேண்டும். இறைத்தால் போர்வெல் என்ன ஆகும்? கடலோரத்தில் நன்னீர் இறங்கினால் உப்புநீர் ஏறாதா? இறைத்த நீரை எந்த வாய்க்காலில் விடுவார்கள்? ஐந்தாம் வகுப்புப் படித்த விவசாயி இந்தக் கேள்விகளை அதிகாரியிடம் திருப்பிக் கேட்டார். அதிகாரிகள் திணறினார்கள்.

அந்தப் பாடத்தை ஊர் ஊராகச் சுமந்தவர்களில் ஒருவர் நம்மாழ்வார் ஐயா. திருக்காட்டுப்பள்ளி பக்கத்து இளங்காடு அவர் ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். அரசு ஆராய்ச்சி நிலைய வேலையை உதறியவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் மீத்தேனுக்கு எதிராகக் கிராமம் கிராமமாகப் பேசிக்கொண்டிருந்தார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்திற்கு வந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது.

விளைவு என்ன? 2013 ஜூலையில் மாநில அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு போட்டது. 2015 அக்டோபரில் மீத்தேன் எடுக்கத் தடை. 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் எழுந்தன. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தில் ஓட்டைகள் உண்டு. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. ஆனாலும் கரும்பலகையில் தொடங்கியது சட்டப் புத்தகம் வரை போனது.

விலையும் கொடுத்தார்கள். கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து மக்கள் திரண்டபோது, மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். அதே 2017 ஜூலையில், நெடுவாசல், கதிராமங்கலம் மக்களுக்கு ஆதரவாகச் சேலத்தில் மாணவிகளிடம் துண்டுப்பிரசுரம் கொடுத்த வளர்மதி என்ற மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. குண்டர் சட்டம்! ஒரு தாளுக்கு! செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாஸ்போர்ட் விசாரணையைப் பற்றிக் கேட்டாரே, மளிகைக் கடை முதலாளி, அவருடைய பயம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். சபருக்குப் போகிற வீட்டின் பயம் எனக்குத் தெரியும். என் தம்பியும் சபராளிதான். ஆனால் ஒன்று. அந்தப் பெண் தனியாக நின்றதால் சட்டம் சுலபமாகப் பாய்ந்தது. ஊரின் முக்கியஸ்தர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் இருக்கும்போது, அப்படிப் பாய்வது கொஞ்சம் கடினம். உங்களை முன்வரிசைக்குக் கூப்பிடுவது அதற்காகத்தான்!

நம் கையிலுள்ள பூட்டு

இதுவரை நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினீர்கள். அரசாங்கத்தைச் சொன்னால் தலையாட்டுவது சுலபம். இனிச் சொல்வது நம்மைப் பற்றி.

கல்வி நிறுவனங்கள் கட்டுவதில் நம் சமுதாய வணிகர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி 1951இல் எழுந்தது. கடைமடைப் பகுதியான அதிராம்பட்டினத்தில் 1955இல் காதிர் முகைதீன் கல்லூரி வந்தது. தோல் மண்டியிலும் கடல் கடந்த வியாபாரத்திலும் சம்பாதித்த காசை இப்படிக் கட்டடமாக்கி, எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்! அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது.

ஆனால் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயர், நிறுவனத்தின் பெயர் எதையும் கேட்காதீர்கள். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதைப் பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்த வேண்டும் என்று சில மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். நம் சமுதாயம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் கூடத்தைக் கேட்டோம். நிர்வாகி முகம் மலர்ந்தார். "தாராளமாக! சட்டத்தைக் கிழித்து எறியுங்கள்!" என்றார். பிள்ளைகள் தயாரித்திருந்த தலைப்புகளின் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முதல் தலைப்பு, இந்தச் சட்டம் என்ன செய்கிறது? இரண்டாவது, முஸ்லிம் அல்லாதவர்கள் வக்ஃப் வாரியத்தில் இடம்பெறுவது பற்றி. மூன்றாவது, நம் ஊர் வக்ஃப் கடைகளுக்கு இன்று என்ன வாடகை, அது யாருக்குப் போகிறது?

மூன்றாவதைப் படித்ததும் மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "அன்று கூடத்தில் வேறு நிகழ்ச்சி இருக்கிறது" என்றார். வேறு தேதி கேட்டோம். எல்லாத் தேதியிலும் வேறு நிகழ்ச்சி இருந்தது!

சகோதரர்களே! அந்த ஐ.ஐ.டி. நிர்வாகத்திற்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அங்கே மொட்டைக் கடிதம் வந்த பிறகு பூட்டினார்கள். இவர் கடிதத்திற்குக்கூடக் காத்திருக்கவில்லை. சட்டத்தை எதிர்க்கும் பேச்சு அவருக்கு வேண்டும். கணக்கைக் கேட்கும் பேச்சு வேண்டாம். இரண்டையும் ஒரே பிள்ளைதான் கேட்கிறான். வக்ஃப் வாடகையைப் பற்றிப் பேசாதே என்று அவன் வாயை அடைத்துப் பழக்கிவிட்டால், நாளைக்குக் குடியுரிமையைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் எங்கிருந்து வரும்? அதோடு, எதிர்த்தரப்பினர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து கேட்பதும் அதே வாடகைக் கேள்வியைத்தான். நம் கூடத்தில் நாமே அதற்குப் பதில் தேடியிருந்தால், அங்கே போய்த் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

இந்த மண்ணில் பா. தாவூத்ஷா என்று ஒருவர் இருந்தார். 1885இல் பிறந்தவர். கணித மேதை ராமானுஜன் படித்த அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தவர். சப்-மாஜிஸ்திரேட் வேலையைத் துறந்து 'தாருல் இஸ்லாம்' பத்திரிகை நடத்தியவர். மார்க்கத்தைத் தமிழில் பேசுங்கள், தமிழில் கேளுங்கள் என்றதற்காக அவருக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. அவருடைய கருத்துகளில் எனக்கும் மாறுபாடுகள் உண்டு. என் ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகம். ஆனாலும் இன்று தமிழில் பயான் செய்யும் நாங்கள் எல்லோரும், ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், அவர் ஏச்சு வாங்கித் திறந்த பாதையில்தான் நடந்து போகிறோம்.

இனிக் காரியத்திற்கு வருவோம். இளைஞர்களே! கல்லூரியில் கூட்டம் நடத்தப் போகிறீர்களா? அனுமதியை எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அந்த மறுப்புக் கடிதமே பாதிப் போராட்டம். கருத்துச் சுதந்திரமும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கின்றன. அதே பிரிவில் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள். பேச்சாளராக நம்மவரையே தேடாதீர்கள். விஷயம் தெரிந்தவர் எவராக இருந்தாலும் அழையுங்கள். பிற மதத்தவர் புண்படும் ஒரு சொல்கூட மேடையில் வரக்கூடாது. வந்தால் தலைவர் அங்கேயே நிறுத்த வேண்டும். மாற்றுக் கருத்துள்ள மாணவருக்குக் கேள்வி நேரத்தில் முதல் வாய்ப்புக் கொடுங்கள். அவர் கேட்பது உங்களுக்குக் கோபமூட்டும். கோபத்தோடு பதில் தேடுங்கள், கோபத்தோடு பதில் சொல்லாதீர்கள். துண்டுப்பிரசுரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கட்டும். இன்னாருடைய எண்ணிக்கை, இந்தத் தேதி என்று ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகக்கூடாது. வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து அச்சடித்தால் மொட்டைக் கடிதம் எழுதியவனுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

வணிகப் பெருமக்களே! உங்களிடம் நான் சந்தா கேட்கவில்லை. கல்லூரிக்குள் அனுமதி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உங்கள் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத ஒரு நாளைக் கொடுங்கள். ஒரு மைக் செட், ஒரு அண்டா தேநீர். அத்துடன் நீங்களும் வந்து உட்காருங்கள். ஜி.எஸ்.டி.யைப் பற்றி, ஆன்லைன் வியாபாரம் நம் கடைத்தெருவை என்ன செய்கிறது என்பதைப் பற்றி, வட்டிக் கடனைப் பற்றி உங்களுக்குக் கேள்விகள் இல்லையா? பொருளாதாரம் படிக்கும் பிள்ளை உங்களுக்கு வகுப்பு எடுக்கட்டுமே! கைக்கட்டிக் கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

நேரமாகிவிட்டது. நான் அதிகம் பேசிவிட்டேன். கூட்டத்தை விவாதமாக நடத்தச் சொல்லிவிட்டு நானே பயான் செய்துவிட்டேன். வாசலில் எல்லோருக்கும் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறார்கள். கேள்விகளை அதில் எழுதி, நடுவில் வரும் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. பெண்கள் பகுதியிலிருந்தும் சீட்டுகள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பதில் சொல்ல ஒரு வழக்கறிஞரும் ஒரு பேராசிரியரும் இங்கே இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வோம்.

வக்ஃப் கடை வாடகையைப் பற்றியும் சீட்டு வரும். இந்தக் கூடத்திலேயே வக்ஃப் கடையில் குடியிருப்பவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். எழுந்து போய்விடாதீர்கள். தம்பி, அந்த முதல் சீட்டைப் பிரித்துப் படி.